முதல் நாளே கோடைத் திறக்க வேண்டாம்

“என் பொண்ணு ஹைஸ்கூல் படிக்கிறா. ஜாவா ஓரளவு தெரியும். ஓப்பன் சோர்ஸ் ப்ராஜெக்ட் ஒண்ணுல சேரணும்னு சொல்றா. எங்க ஆரம்பிக்கிறது?” இப்படிக் கேட்கிற பெற்றோர் நிறைய. பிள்ளைகளுக்கு ஆர்வம் இல்லாமல் இல்லை. உள்ளே போன முதல் வாரமே மலைத்துப்போய் விட்டுவிடுகிறார்கள்.

அபாச்சி ஓஎஃப்பிஸை எடுத்துக்கொள்ளுங்கள். 2001-இல் தொடங்கியது, இலவசம், ஜாவாவில் எழுதப்பட்டது. கணக்கு, சரக்கு இருப்பு, ஆர்டர், உற்பத்தி என்று ஒரு வியாபாரத்துக்கு வேண்டியது எல்லாம் உண்டு. தரவு அட்டவணைகளே நூற்றுக்கணக்கில் இருக்கும். புதுசா வர்றவர் ‘கஸ்டமர்’ எங்கே என்று தேடுவார். அங்கே இருப்பதோ ‘பார்ட்டி’. வாங்குபவர், விற்பவர், வேலை செய்பவர், கம்பெனி எல்லாமே பார்ட்டிதான். யார் என்ன என்பதை ‘ரோல்’ சொல்லும்.

நம்ம ஊர்க் கடைக்காரருக்கு இது புதுசே இல்லை. “மதுரை பார்ட்டி பணம் அனுப்பிட்டாங்களா?” என்பார். அந்தப் பார்ட்டி இன்னிக்கு வாங்குவார், நாளைக்கு விற்பார், ஆள் ஒருவர்தானே! இதை யாராவது ஒரு வரியில் சொல்லிவிட்டால் பிள்ளைக்குப் புரியும். சொல்லாவிட்டால் இரண்டு நாள் போய்விடும்.

எளிமையாக்குவது என்றால் பாதியை வெட்டி எறிவது இல்லை. அந்த ஆழம் வியாபாரத்துக்குத் தேவை. கற்றுத்தரும் வரிசையை மாற்றினாலே போதும். ஓஎஃப்பிஸில் மாதிரித் தரவு இருக்கிறது. தரவுத்தளமும் கூடவே வருவதால் அதைத் தனியாக நிறுவ வேண்டாம். முதல் நாள் ஒரே ஒரு ஆர்டர் போடட்டும். சரக்கு ஒதுக்கப்படுவதையும், அனுப்பியதும் இன்வாய்ஸ் உருவாவதையும் பார்க்கட்டும். அப்புறம், அந்த ஆர்டர் எந்தெந்த அட்டவணையைத் தொட்டது என்று தேடட்டும். எதை முதலில் படிக்கணும்னு தானாகத் தெரிந்துவிடும்.

247 எழுத்தையும் முடித்த பிறகுதான் பேசணும்னு சொன்னால் தமிழ் வகுப்பில் எந்தக் குழந்தை உட்காரும்? “பாட்டி, சாப்டீங்களா?” என்று கேட்டு, பாட்டி பதில் சொன்னதும் வருகிற சந்தோஷம்தான் எழுத்து வரைக்கும் இழுத்துக்கொண்டு போகும்.

இன்னொன்று. பத்து வருஷமாக உள்ளே இருப்பவருக்கு எது கஷ்டம் என்பதே மறந்திருக்கும். புதியவருக்குத்தான் தெரியும், அதுவும் முதல் சில வாரங்களுக்குத்தான். ஆகவே எங்கே தடுக்கியது, எப்படித் தாண்டினாள் என்பதை அன்றன்றைக்கே எழுதி வைக்கச் சொல்லுங்கள். அதைச் சீர்செய்து அறிமுக ஆவணத்தில் சேர்க்க அனுப்பினால், ஒரு வரி கோட் எழுதாமலே முதல் பங்களிப்பு ஆயிற்று. தன்னார்வலர்களை நம்பி ஓடுகிற மென்பொருள் இது. புதியவர்கள் வருவது நின்றால், லைசென்ஸ் கட்டணம் கட்ட முடியாமல் இதை நம்பியிருக்கும் சின்ன வியாபாரிகளுக்குத்தான் கஷ்டம்.

இன்றைக்கு இரவுச் சாப்பாட்டின்போது “எவ்வளவு முடிச்சே?” என்று கேட்காதீர்கள். “எங்க மாட்டிக்கிட்டே?” என்று கேட்டுப் பாருங்கள்.