சங்குகுளிக்கு யார் பொறுப்பு?

தூத்துக்குடியை முத்துநகர் என்கிறோம். சென்னைக்குப் போகும் ரயிலுக்கும் அதே பெயர். ஆனால், இங்கே முத்துக்குளிப்பு 1961-உடன் நின்றுவிட்டது. நிற்காதது கடலடியில் இறங்கும் வேலை. இந்நகரின் திரேஸ்புரம் பகுதி இளைஞர்கள் இன்றும் சங்கு குளிக்கப் போகிறார்கள். அவர்கள் எடுத்துவரும் சங்குதான் வங்காளத்தில் மணமான பெண்களின் கையில் வளையலாகிறது.

முத்துக்குளித்தவர்கள் மூச்சை அடக்கி, கல்லின் பாரத்தில் இறங்கினார்கள். மூச்சு முட்டியதும் மேலே வந்தார்கள். நுரையீரலின் எல்லையே அவர்களுக்குக் காவலாகவும் இருந்தது. இப்போது படகில் கம்ப்ரசர் ஓடுகிறது. அதன் குழாயை வாயில் கவ்விக்கொண்டால் நெடுநேரம் அடியில் தேடலாம். சங்கு கூடுகிறது, ஆபத்தும் கூடுகிறது. ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்துக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் ஏறும். சுவாசித்த காற்றின் நைட்ரஜன் உடலில் கரையும். சட்டென்று மேலேறினால் அது குமிழிகளாகும். மூட்டில் என்றால் வலி. தண்டுவடத்தில் என்றால் கால்கள் விழுந்துவிடும்.

‘பயலுகளுக்குத் துணிச்சல் அதிகம்’ என்று பழியை இளைஞர்கள் மீதே போடுவது எளிது. எடுத்த சங்குக்குத்தான் காசு என்கிற தொழிலில், சீக்கிரம் மேலே வா என்ற அறிவுரை எடுபடாது. அடியில் கழியும் ஒவ்வொரு நிமிடமும் கூலி.

முத்துக்குளிப்பின்போது சுறா தீண்டாமலிருக்க மந்திரம் ஓதும் ‘கடல்கட்டி’யை ஆங்கில அரசு ஒருகாலத்தில் சம்பளம் கொடுத்து வைத்திருந்தது. மந்திரத்தை நம்பியல்ல, அவர் இல்லாமல் ஆட்கள் கடலில் இறங்க மாட்டார்கள் என்பதால். குளிப்பவரின் பயத்துக்குக்கூட அன்று கணக்கில் இடமிருந்தது.

ஹோண்டுராஸில் சிங்கி இறாலுக்காக மூழ்கும் தொழிலில் முடமானவர்கள், இறந்தவர்கள் உள்ளிட்ட மிஸ்கிட்டோ பழங்குடியினர் 42 பேரின் வழக்கில், 2021-ல் அமெரிக்க நாடுகளின் மனித உரிமை நீதிமன்றம் அரசையே பொறுப்பாக்கியது. முதலாளிகளைக் கண்காணிக்கத் தவறியதே குற்றம்.

நமக்கும் அந்தப் பாடம் பொருந்தும். சங்குகுளிப்பவர்களைத் தனியாகப் பதிவுசெய்ய வேண்டும். ஆழமும் நேரமும் குறித்த பயிற்சி, சுத்தமான காற்றுக்கான உபகரணம், அழுத்த அறைச் சிகிச்சை, ஊனத்துக்கு ஓய்வூதியம் ஆகியவற்றை மீன்வளத் துறை உறுதிசெய்ய வேண்டும். செலவில் ஒரு பங்கைச் சங்கு வணிகம் ஏற்கட்டும். 57 மில்லிமீட்டருக்குக் குறைந்த விட்டமுள்ள சங்கை எடுக்கக் கூடாது என்று சங்குக்கு விதி வகுத்த அரசுக்கு, அதை எடுக்கும் இளைஞனுக்கு ஒரு விதி வகுப்பது இயலாத காரியமல்ல.