அந்த டயல் எங்கே போயிற்று?

பாகூரைச் சேர்ந்த நம் நண்பர் ஒருவர், மறைந்த தம் தந்தையாரின் எச்.எம்.டி. ஜனதா கைக்கடிகாரத்தை நகரத்துக் கடையொன்றில் சர்வீசுக்குக் கொடுத்தார். தினமும் சாவி கொடுத்துக் கட்டிக்கொள்ளும் 17 கல் கடிகாரம். நேரம் பின்தங்குகிறது என்பது ஒன்றே குறை. பத்து நாள் கழித்துப் பளபளவென்று திரும்பி வந்தது. ஓரம் பழுப்பேறிய வெள்ளை டயல் போய், எவரோ வண்ணமடித்து எழுத்துப் பதித்த நீல டயல் வந்திருந்தது. முட்கள் வேறு, பின்மூடியும் வேறு. பழையவற்றைக் கேட்டதற்கு, "குப்பை சார், அது எதுக்கு உங்களுக்கு?" என்றார்களாம். கடிகாரம் இப்போது நேரம் தவறாமல் ஓடுகிறது. நண்பர்தாம் கட்டுவதில்லை.

இதைத் தனியொருவரின் மனக்குறை என்று ஒதுக்க நமக்குச் சம்மதமில்லை. பழுதுபார்த்தலுக்கும் புதுப்பித்தலுக்கும் உள்ள வேறுபாட்டையே நம் சமூகம் மறந்துவருகிறது.

ஜனதா அபூர்வப் பொருளன்று என்பது உண்மையே. ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு 1961இல் ஏற்பட்ட கூட்டுறவால் பெங்களூரில் தொடங்கியது எச்.எம்.டி.யின் கடிகாரத் தொழில். வில்லியனூரிலும் பாகூரிலும் ஆசிரியர்கள், மில் தொழிலாளிகள், குமாஸ்தாக்கள் மணிக்கட்டில் அதைப் பார்த்தே நாம் வளர்ந்தோம். 'இன்னொன்று வாங்கினால் போயிற்று' என்பாருக்கு நம் பதில் இது: அந்தக் கடிகார நிறுவனத்தை மூடிவிட 2016 ஜனவரியில் மத்திய அமைச்சரவை முடிவெடுத்தது. அந்தக் காலத்து ஆலை டயல் இனி புதிதாக வரப்போவதில்லை. சந்தையில் 'ஒரிஜினல்' என்று விற்பனையாகும் பல, இரண்டு மூன்று கடிகாரங்களைப் பிரித்து ஒன்றாகக் கோத்து, டயலுக்குச் சாயம் பூசியவை. வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் இவற்றுக்கு 'மும்பை ஸ்பெஷல்' என்றே கேலிப்பெயர் வைத்திருக்கிறார்கள். பெருமைப்படத்தக்க பெயரா இது?

டயலுக்கு மறுவண்ணம் அடிப்பது எளிய வேலை. பழைய பூச்சைக் கரைத்து எடுத்துவிட்டுப் புதிதாக அடித்து, மேலே எழுத்தைப் பதிக்கிறார்கள். ஆலை அச்சின் மெல்லிய கோடு தடித்துவிடும். நிமிடக் குறிகள் முள்ளோடு பொருந்தா. உறையைச் சுழல்சக்கரத்தில் பிடித்துப் பாலிஷ் போட்டால் கூர்விளிம்புகள் மழுங்கும். முலாம் பூசியதாயின் அடியிலிருக்கும் பித்தளை பல்லைக் காட்டும். பின்மூடியின் கதை இன்னும் மோசம். பழுது பார்த்த கைவினைஞர்கள் அதன் உட்புறத்தில் ஊசிமுனையால் தேதியும் தம் குறியும் கீறிவைப்பதுண்டு. அந்தக் கடிகாரத்துக்கு உள்ள ஒரே எழுத்துச் சான்று அதுதான். மூடியை மாற்றியவர் அதையும் சேர்த்தே எறிந்தார்.

பாகூர் மூலநாதர் கோயில் சுவர்களில் சோழர் கல்வெட்டுகளும் இராட்டிரகூட மன்னன் கன்னரதேவனின் கல்வெட்டுகளும் உள்ளன. தமிழ்நாட்டுக் கோயில்கள் பலவற்றில் சுவரைச் 'சுத்தம்' செய்கிறோம் என்று மணலை வீசியடித்து எழுத்துகளை மழுக்கியபோது நாம் கொதித்தோம். அந்தக் கொதிப்பு நம் மேசை இழுப்பறைக்குள் மட்டும் ஏன் எட்டவில்லை?

இலக்கிய வாசகருக்கு இதைச் சொல்ல வேறு வழியும் உண்டு. உ.வே. சாமிநாதையர் 1904இல் பதிற்றுப்பத்தைப் பதிப்பித்தபோது முதற்பத்தும் பத்தாம் பத்தும் கிடைக்கவில்லை. எண்பது பாட்டோடு நூல் வெளிவந்தது. இருபது பாட்டு இயற்றிச் சேர்க்கும் புலமை அவரிடம் இல்லையா என்ன? ஏட்டில் சிதைந்த அடிகளின் இடத்தில் புள்ளியிட்டு நகர்ந்த அந்தக் கையின் அடக்கத்தைத்தான் கடிகாரக் கடையிலும் கேட்கிறோம். பழுப்பேறிய டயல் சிதைந்த ஏடு. நீல டயல் இடைச்செருகல்.

'கடிகாரம் ஓடவேண்டாமா, அருங்காட்சியகத்திலா வைப்பது?' என்று கேட்கலாம். ஓடத்தான் வேண்டும். எண்ணெய் வறண்டு ஓடினால் சக்கர அச்சுகள் தேயும். ஆகவே பிரித்துக் கழுவி எண்ணெயிடுவது கட்டாயம். தளர்ந்த மெயின் ஸ்பிரிங், இற்றுப்போன ரப்பர் வளையம், விரிசல் கண்ட கண்ணாடி ஆகியவற்றை மாற்றுவதில் நமக்கு வழக்கே இல்லை. தேய்வதற்கென்றே உள்ள பாகங்கள் அவை. டயலும் முள்ளும் உறையும் அப்படியல்ல.

கடைக்காரரை மட்டும் பழிப்பதும் நேர்மையாகாது. 'புதுசு மாதிரி ஆக்கிக் கொடுங்க' என்று சொல்லிவிட்டு வந்தது யார்? நம் நண்பரும் அதைத்தான் சொன்னார் என்பதை, இக்கட்டுரைக்காகத் துருவிக் கேட்டபோது ஒப்புக்கொண்டார். முகம் பார்க்கும் கண்ணாடி போலப் பழையது பளபளத்தால்தான் கூலி கொடுத்ததற்குப் பொருள் என்ற எண்ணம் நமக்குள் ஊறிக் கிடக்கிறது. கீறல் விழுந்ததைக் கட்டிக்கொண்டு கல்யாண வீட்டுக்குப் போகக் கூசுகிறோம்.

அடுத்த வாரம் வில்லியனூர் நண்பர் தம் மாமாவின் எச்.எம்.டி. பைலட்டைக் கடைக்கு எடுத்துப் போகிறார். நாம் அவருக்கு ஒரு துண்டுச் சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறோம்: டயலைத் தொடவேண்டாம், பாலிஷ் வேண்டாம், எதை மாற்றுவதானாலும் முன்கூட்டிக் கேட்கவும், கழற்றிய பாகங்களைப் பொட்டலமாகக் கட்டித் திருப்பித் தரவும். திறந்ததும் பின்மூடியின் உட்புறத்தைப் படமெடுத்து வரவேண்டும் என்பதும் ஏற்பாடு.