லேத்துக்குப் பல் கட்டுவது

தையல் யந்திரத்தில் ஒரு பாகம் உடைந்தால், அந்தப் பாகத்தைத் தையல் யந்திரமே தைத்துக் கொடுத்துவிடாது. மாவரைக்கும் யந்திரத்தின் கதையும் அதுவே. தனக்கு வந்த நோய்க்குத் தானே மருந்து அரைத்துக்கொள்ளும் யந்திரம் ஒன்று உண்டென்றால், அது இரும்பைக் கடையும் லேத் யந்திரந்தான். தன் அச்சைத் தானே கடைந்துகொள்ளும். தன் திருகுக்குத் தானே மரை வெட்டிக்கொள்ளும். இந்த அபூர்வ குணத்தை அறியாமல், இரண்டு பல் போய்விட்டது என்பதற்காக நல்ல லேத்துகளைப் பேரீச்சம்பழத்துக்குப் போட்டுவிடுகிறார்களே என்பதுதான் நமது வருத்தம்.

நமது சிநேகிதர் ஒருவர், கோயமுத்தூர்வாசி, மூடப்பட்ட ஒரு பட்டறையிலிருந்து பழைய லேத் ஒன்றை வாங்கி வந்து வீட்டுப் பின்தாழ்வாரத்தில் ஸ்தாபித்தார். அதைச் செய்த சீமைக் கம்பெனி இப்போது இல்லை. நாற்பது வருஷம் கடைசல் பிடித்த பெரியவர் ஒருவரை அழைத்து வந்து காட்டினார். பெரியவர் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, "ஏனுங்க, பெரிய கியரில் மூணு பல்லைக் காணோமுங்களே!" என்றார். தானமாக வந்த மாட்டைத்தான் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது. விலை கொடுத்து வாங்கும் லேத்தைத் தாராளமாகப் பார்க்கலாம். நிற்க.

இந்தப் பற்கள் உடைவதற்குக் காரணம் அநேகமாக ஒன்றுதான். கடையப்படும் பொருளைப் பிடித்துக்கொள்ளும் 'சக்' என்னும் பாகம், சுழலும் ஸ்பிண்டிலின் மரையில் துருவேறி இறுகிவிடும். அதைக் கழற்றுவதற்காகக் கியர்களை ஒன்றோடொன்று பூட்டி ஸ்பிண்டிலை அசையவொட்டாமல் செய்துவிட்டு, சக்கைச் சம்மட்டியால் அடிப்பார்கள். அடியின் வேகம் முழுவதும் இரண்டொரு பற்களின் தலையில் விழும். வார்ப்பிரும்புக்கு வளையத் தெரியாது, முறியத்தான் தெரியும். மரையில் எண்ணெய் விட்டு ஓர் இரவு ஊறப்போட்டு, சக்கின் தாடைக்கும் லேத்தின் படுகைக்கும் நடுவே மரக்கட்டை ஒன்றை வைத்து, பெல்ட்டைக் கையால் பின்புறமாக இழுத்தால் பெரும்பாலும் கழன்று வந்துவிடும். பொறுமைதான் வேண்டும்.

போன பல்லைக் கட்டுவதற்கு இரண்டு மார்க்கங்கள் உண்டு. பித்தளையை உருக்கிப் பற்றவைப்பது ஒன்று. கியரை முன்னதாகச் சீராகச் சூடேற்றி, பிறகு சாம்பலில் புதைத்து மெள்ள மெள்ள ஆறவிடாவிட்டால், வார்ப்பிரும்பு விரிசல் விட்டுவிடும். வீட்டில் இதைச் செய்வது நமக்கு அவ்வளவாகச் சம்மதமில்லை. மற்றது நெருப்பில்லாத வைத்தியம். பெரியவர் அதைத்தான் செய்தார். முறிந்த இடத்தை அரத்தால் சமமாக்கி, பல் இருந்த கோட்டின் மேல் வரிசையாக நான்கு புள்ளிகள் குத்தி, 3.3 மில்லிமீட்டர் துளை போட்டு, 4 மில்லிமீட்டர் மரை வெட்டினார். வார்ப்பிரும்பில் துளை போடுவதற்கு எண்ணெய் தேவையில்லை, உலர்ந்தபடியே போடலாம். துளைகளில் எஃகுத் திருகுகளை இறுக முடுக்கி, தலைகளை அறுத்துத் தள்ளிவிட்டு, நிற்கும் நான்கு தூண்களையும் ஒரே பல்லின் வடிவத்துக்கு அரத்தால் ராவினார்.

மூன்று பற்களும் அடுத்தடுத்துப் போயிருந்ததால், நடுப் பல்லின் ஸ்தானம் எது என்ற கேள்வி எழுந்தது. குழந்தைகள் நாணயத்தின் மேல் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்ப்பதுண்டல்லவா? அதே வித்தைதான். கியரின் பக்கவாட்டில் காகிதத்தை வைத்துத் தேய்த்து, நல்ல பற்களின் தடத்தை எடுத்து, அந்தக் காகிதத்தைக் காலியான இடத்துக்கு நகர்த்தினால் மூன்றின் ஸ்தானமும் தெரிந்துவிடுகிறது. பல்லின் சாய்வுக்கு, நல்ல இரண்டு பற்களின் இடைவெளியில் அச்சாகப் பொருந்துமாறு வெட்டிய தகரத் துண்டே அளவுகோல். இணைக் கியரின் பற்களில் மை தடவிச் சுற்றிப் பார்த்து, மை ஒட்டும் மேடுகளை மட்டும் மறுபடியும் ராவ வேண்டும். இதற்குக் கடைகளில் நீலச் சாயம் விற்கிறார்கள். விளக்குக் கரியை விளக்கெண்ணெயில் குழைத்தாலும் போதும். அதாவது நம் வீட்டுக் கண்மையேதான்! மூன்று பல்லுக்கு இரண்டு நாள் பிடித்தது. இப்படிக் கட்டிய பல் அசல் பல்லுக்கு நிகராகாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆழமாக வெட்டாமல் மெல்லிய சீவலாக எடுத்தால் நெடுங்காலம் உழைக்கும்.

பல் விஷயம் இவ்வளவுதான். பழைய லேத்தைப் பற்றி அதைவிடப் பெரிய சந்தேகம் ஒன்று உண்டு. தானே கோணலாகிப்போன யந்திரம் நேரான பொருளை எப்படிக் கடையும்? விடை ரசமானது. சக் கோணலாக இருக்கலாம். ஆனால் ஸ்பிண்டில் தன் தாங்கிகளில் ஆட்டமில்லாமல் சுழலுமானால், அது சுழலும் அச்சு ஒன்றே ஒன்றுதான். ஓர் இரும்புத் துண்டைச் சக்கில் கடித்து, அதன் முனையைக் கூம்பாகக் கடைந்தால், அந்தக் கூம்பு அந்த அச்சிலேயே அமைந்துவிடுகிறது. அதைக் கழற்றாமல், மறுமுனையில் எதிர்க் கூம்பைக் கொடுத்து, இரண்டுக்கும் நடுவில் தண்டை நிறுத்திக் கடைந்தால், சக்கின் கோணல் வேலையில் இறங்குவதே இல்லை. கழற்றி மாட்டினால் மட்டும் இந்த வரம் பலிக்காது. மறுபடியும் கடைந்துகொள்ள வேண்டும்.

குறையுள்ள கருவியிலிருந்து குறை குறைந்த கருவியைப் பெறுவது என்னும் இந்தத் தந்திரத்தில்தான் யந்திரத் தொழிலே நிற்கிறது. 1800-ஆம் வருஷத்தை ஒட்டி லண்டனில் மரை வெட்டும் லேத்தைச் செம்மைப்படுத்திய ஹென்றி மாட்ஸ்லேக்கு அதைவிட நல்ல லேத்தை யாரும் கொடுத்துவிடவில்லை. அவரிடம் வேலை பார்த்த ஜோஸப் விட்வொர்த், 1840-ல் சமதளம் உண்டாக்கும் முறையை விளக்கினார். இரண்டு தகடுகளை ஒன்றுக்கொன்று பொருந்தச் சுரண்டினால், ஒன்று மேடாகவும் மற்றது பள்ளமாகவும் இருந்துகொண்டே பொருந்தி நம்மை ஏமாற்றக் கூடும். மூன்று தகடுகளை மாற்றி மாற்றி ஒத்துப் பார்த்தால் அந்த ஏமாற்று நடவாது. மூன்றும் ஒன்றுக்கொன்று பொருந்துமானால் மூன்றும் சமதளமே. தேய்ந்த லேத்தின் வழுக்குத் தளங்களைச் சீர்செய்ய இன்றும் இப்படி ஒத்துப் பார்த்துச் சுரண்டுவது ஒரு வழி. பழைய அரத்தின் முனையைத் தீட்டினால் சுரண்டும் கருவியும் ஆயிற்று.

1980-ல் அமெரிக்காவில் டேவிட் ஜின்ஜரி என்பவர், பழைய அலுமினியச் சாமான்களைக் கரி உலையில் உருக்கி வார்த்து வீட்டிலேயே லேத் செய்யும் விதத்தைப் புஸ்தகமாக எழுதினார். அவ்வளவு தூரம் போக வேண்டுமென்று நாம் சொல்லவில்லை.

"கணினி சொன்னபடி கடையும் லேத்துகள் வந்துவிட்ட காலத்தில் இந்தக் கிழத்தைக் கட்டிக்கொண்டு அழுவானேன்?" என்று வாலிப நேயர்கள் கேட்கலாம். உதிரி பாகம் வேண்டுமென்றால் சீமைக்குக் கடுதாசி எழுதிக் காத்திருந்த தேசம் நம்முடையது. இரண்டாவது உலக யுத்தத்தின்போது, 1941-ல், ஹரிஹரில் மைசூர் கிர்லோஸ்கர் கம்பெனி தொடங்கியது. 1953-ல் பெங்களூரில் ஹிந்துஸ்தான் மெஷின் டூல்ஸைச் சர்க்காரே ஏற்படுத்தியது. பெரிய தொழிற்சாலைகள் பாகம் செய்து தரட்டும். ஆனால் செய்த கம்பெனியே மறைந்துபோன யந்திரத்துக்குப் பாகம் செய்யக் கை ஒன்றுதான் மிஞ்சுகிறது. அந்தக் கை பள்ளிக்கூடத்துக் கரும்பலகையில் பழகுவதில்லை.

எதையும் வீட்டிலேயே செய்துவிடலாம் என்று எண்ணுவதும் தவறு. விரிசல் விட்ட சக்கைப் பற்றவைத்து ஓட்டவே கூடாது. அதைப் பேரீச்சம்பழத்துக்குப் போடுவதுதான் தர்மம். சக்கை இறுக்கும் சாவியை அதிலேயே விட்டுவிட்டு மோட்டாரை முடுக்கினால், சாவி எங்கே பாயும் என்று சொல்ல முடியாது. அங்கவஸ்திரம், தொங்கும் சட்டைக் கை, பின்னல், வளையல் எதுவும் சுழலும் இரும்பின் அருகே வரலாகாது. கையுறை கூட ஆபத்தானது. துணியோடு விரலையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும். சுருள் சுருளாக வரும் இரும்புச் சீவல் கத்தியைப்போல் அறுக்குமாதலால், யந்திரத்தை நிறுத்திவிட்டுக் கொக்கியால் எடுக்க வேண்டும். சிநேகிதர் வீட்டில் இதற்கென்று ஒரு பழைய குடைக் கம்பியை வளைத்துச் சுவரில் மாட்டியிருக்கிறார்கள்.