பிணம் வந்தபிறகுதான் நம்புவமா?

2015 மே மாதம் புங்குடுதீவில் பள்ளிக்கூடம் போன ஒரு மாணவி வீடு திரும்பவில்லை. அடுத்த சில நாட்களில் யாழ்ப்பாணமே வீதிக்கு வந்தது. கடைகள் பூட்டப்பட்டன, பாடசாலைப் பிள்ளைகள் பதாகை பிடித்தார்கள். 2017 செப்டெம்பரில் மூன்று நீதிபதிகள் கொண்ட தீர்ப்பாயம் ஏழு பேருக்கு மரண தண்டனை விதித்தது. அந்தப் பிள்ளையின்ர பேரை நாங்கள் இதில் எழுதப் போறதில்லை. பாலியல் குற்றத்துக்கு ஆளானவரின் அடையாளத்தை அனுமதியில்லாமல் வெளியிடுவது எங்கட தண்டனைச் சட்டக்கோவைப்படி குற்றம். ஆனால் அவவின்ர படத்தை அப்போது பேஸ்புக்கில் பகிராத ஆள் குறைவு.

2020 ஜனவரியில் யாழ் மருத்துவபீட மாணவி ஒருவர் பண்ணைக் கடற்கரையில் கொல்லப்பட்டார். சந்தேகநபராகக் கைதானவர் அவருடைய கணவர். 2023 ஜனவரியில் கொழும்புப் பல்கலைக்கழக மாணவி ஒருவர் குதிரைப் பந்தயத் திடலில் பட்டப்பகலில் கொல்லப்பட்டார். கைதானவர் அவரோடு ஒன்றாகப் படித்தவர், அவரைக் காதலித்தவர் என்று செய்திகள் சொல்லின.

மூன்று முறையும் எல்லாருக்கும் கோவம் வந்தது. அந்தக் கோவம் பொய் இல்லை. ஆனால் அது எப்போதும் ஒரு பிணத்துக்குப் பிறகுதான் வருகுது. உயிரோட இருக்கிற ஒருத்தி வந்து "அவன் எனக்கு அடிக்கிறான்" என்று சொன்னால் எங்களுக்கு வாறது கோவம் இல்லை, கேள்விதான். ஏன் அவனோட போனனி? ஏன் படம் அனுப்பினனி? முதலே ஏன் சொல்லேல்லை?

இதை எழுதிற எங்களுக்கும் இதில் பங்கிருக்கு. எங்களுக்குள்ள ஒருத்தி இருந்தா. லைப்ரரியில் இருந்தால் பக்கத்தில் யார் இருக்கினம் என்று வீடியோ கோலில் சுத்திக் காட்டச் சொல்லுவான். அவவின்ர பேஸ்புக் பாஸ்வேர்ட் அவனிட்டயும் இருந்தது. பெடியன்கள் இருக்கிற குரூப்பில் அசைன்மென்ட் செய்யக்கூடாது. நாங்கள் அதை "பொசசிவ்" என்று சொல்லிப் பகிடி பண்ணினம். அவ்வளவு அன்பாம்! ஒருநாள் கையில் கண்டலோட வந்தா. நாங்கள் கேட்ட முதல் கேள்வி, "நீ அவனுக்கு என்ன சொன்னனி?" அதுக்குப் பிறகு அவ எங்களுக்கு ஒன்றும் சொல்லேல்லை. அந்தக் கேள்விக்கு இண்டைக்கும் வெட்கப்படுகிறோம்.

காதலுக்குள் நடக்கிற வன்முறை அடியில் தொடங்கிறதில்லை. போனைப் பார்க்கிறதில் தொடங்கும். பிறகு சிநேகிதிகளை வெட்டச் சொல்லும். பிறகு "என்னை விட்டுட்டுப் போனால் செத்துப்போவன்" என்று சொல்லும். அடி வாற நேரம் அவவுக்குப் பக்கத்தில் ஒருத்தரும் இருக்கமாட்டினம். விருப்பமில்லாத தொடுகையும், கெஞ்சிக் கெஞ்சி வாங்கின "ஓம்" உம் இதுக்குள்ளதான் வரும். பயத்தில் சொல்லுற ஓம், ஓம் இல்லை.

யாழ்ப்பாணத்தில் இதுக்கு இன்னொரு பூட்டும் இருக்கு. இங்க காதல் என்பதே ஒளிச்சுச் செய்யிற விசயம். வீட்டுக்குத் தெரிஞ்சால் சாதி கேட்பினம், ஊர் கேட்பினம், பிறகு படிப்பையே நிப்பாட்டிப் போடுவினம். இது துன்புறுத்துகிறவனுக்கு நல்லாத் தெரியும். "உன்ர அப்பாவுக்குச் சொல்லிப்போடுவன்" என்ற ஒரு வசனம் போதும், அவன் கை ஓங்கவே தேவையில்லை. மகளைப் பாதுகாக்கிறம் என்று நினைச்சுக் காதலைத் தடுக்கிற வீடுதான், தெரியாமலே அவன்ர கையில் சாட்டையைக் குடுக்குது. "உனக்கு என்ன நடந்தாலும் முதலில் எங்களிட்டச் சொல்லு, படிப்பை நிப்பாட்ட மாட்டம்" என்று ஒரு அம்மா சொன்னால், அந்த மிரட்டல் அந்த நிமிசமே செத்துப்போகும்.

சட்டமும் முழுதாகக் கைகொடுப்பதில்லை. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றில் பாதுகாப்புக் கட்டளை பெறலாம். அடி மட்டுமில்லை, மனரீதியான துன்புறுத்தலையும் அது கணக்கில் எடுக்கிறது. ஆனால் அது கணவன், முன்னாள் கணவன், சேர்ந்து வாழும் துணை, குடும்ப உறவுகள் என்ற வட்டத்துக்குத்தான். ஒரே வீட்டில் வாழாத காதலன் அந்த வட்டத்துக்கு வெளியே நிற்கிறான். எங்கட கம்பஸ் காதல்கள் எல்லாம் அந்த வெளியேதான் நடக்குது. இந்தச் சட்டம் திருத்தப்பட வேண்டும்.

அதுக்காக ஒன்றும் செய்யேலாது என்றில்லை. 1995 திருத்தத்தோட வந்த தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவு சொல்லாலோ செயலாலோ செய்யப்படும் பாலியல் தொந்தரவைக் குற்றமாக்கி, ஐந்து ஆண்டு வரை சிறைத்தண்டனை விதிக்க இடம் தருகிறது. அந்தப் பிரிவு அவன் காதலனா, சீனியரா, விரிவுரையாளரா என்று பார்ப்பதில்லை.

பகிடிவதையும் இதுக்குள்ளதான் வரும். 1975இல் பேராதனையில் ஒரு மாணவி பகிடிவதைக்குப் பயந்து விடுதி மாடியில் இருந்து குதித்தார். 1997இல் அதே பல்கலைக்கழகத்தில் வரப்பிரகாஷ் என்ற தமிழ் மாணவன் பகிடிவதையால் சிறுநீரகம் பழுதாகி இறந்தான். அதற்குப் பிறகுதான் 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் வந்தது. பகிடிவதையின்போது பாலியல் தொந்தரவு செய்தால் பத்து ஆண்டு வரை சிறை என்று அது சொல்கிறது. இருந்தும் 2020இல், கொரோனாக் காலத்தில், யாழ் பல்கலைக்கழகத்தின் புதுமுக மாணவிகளிடம் இணையவழியில் பாலியல் பகிடிவதை நடந்ததாக முறைப்பாடு எழுந்து செய்தியானது. விடுதிகளில் இளைய பெடியன்களுக்கு நடக்கிறதும் பல இடங்களில் பாலியல் வன்முறைதான். "ஆம்பிளை இதைத் தாங்கவேணும்" என்று சொல்லி அதை மூடிவிடுகிறோம்.

ஒவ்வொருமுறையும் ஒரு குரல் வரும்: "கம்பஸின்ர பேரைக் கெடுக்காதேங்கோ." எந்தப் பேர்? இதே யாழ் மருத்துவபீடத்தில் உடற்கூற்றியல் துறைத் தலைவராக இருந்தவர் ராஜனி திராணகம. பெண்களுக்கான பூரணி இல்லத்தை உருவாக்கியவர்களில் ஒருவர். போரில் பெண்களுக்கு நடந்ததை அவர்களிடம் போய்க் கேட்டு 'முறிந்த பனை'யில் எழுதினார். 1989 செப்டெம்பர் 21இல் சுட்டுக் கொல்லப்பட்டார். பாதிக்கப்பட்டவள் சொல்லுறதை உட்கார்ந்து கேட்கிறது இந்தப் பல்கலைக்கழகத்துக்குப் புதுசு இல்லை. பேர் என்றால் எங்களுக்கு அதுதான் பேர்.

2019இல் நாடு முழுவதும் எடுக்கப்பட்ட பெண்கள் நல்வாழ்வு ஆய்வில், துணையோடு வாழ்ந்த பெண்களில் ஐந்தில் ஒருவர் அந்தத் துணையால் உடல் அல்லது பாலியல் வன்முறைக்கு ஆளானதாகச் சொல்லியிருக்கினம். எங்கட வகுப்பு வரிசைகளை நினைச்சுக்கொண்டு இந்தக் கணக்கை ஒருக்கா வாசிச்சுப் பாருங்கோ.

நிர்வாகங்களிடம் நாங்கள் கேட்கிறது பெரிய விசயங்கள் இல்லை. முறைப்பாட்டை யாரிடம் குடுக்கலாம் என்று ஆளின் பேரோடு, தமிழிலும் சிங்களத்திலும், ஒவ்வொரு பீடத்திலும் விடுதியிலும் ஒட்டுங்கோ. விசாரணைக் குழுவில் அந்தப் பீடத்துக்கு வெளியே இருந்தும் ஒருவர் இருக்கவேணும். முடிவுக்கு ஒரு திகதி சொல்லுங்கோ. விசாரணை முடியும் வரை முறைப்பாடு செய்தவர் அவனோட ஒரே ஆய்வுகூடக் குழுவில் நிற்கத் தேவையில்லாமல் செய்யுங்கோ. முக்கியமாக, இரண்டு பேரையும் கூப்பிட்டுக் கதிரையில் இருத்திச் சமாதானம் பேசாதேங்கோ. அது காணிச் சண்டை இல்லை.

எங்களுக்குள்ளயும் கொஞ்சம் மாறவேணும். ஒருத்தி வந்து சொன்னால் முதலில் சொல்லவேண்டியது, "நான் நம்புறன். இது உன்ர பிழை இல்லை." அடுத்தது, "நீ என்ன செய்ய நினைக்கிறாய்?" முடிவு அவவின்ரது. பொலிஸுக்கு இழுத்துக்கொண்டு போகவும் வேண்டாம், போகாதே என்று தடுக்கவும் வேண்டாம். குறுஞ்செய்திகளை அழிக்காமல் வைக்கச் சொல்லுங்கோ. வல்லுறவு என்றால் உடனே வைத்தியசாலைக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ. முடிந்தவரை குளிக்காமல், போட்டிருந்த உடுப்பைத் தோய்க்காமல் கொண்டுபோவது சட்ட வைத்திய அதிகாரியின் பரிசோதனைக்கு உதவும். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணித்தியாலத்துக்குள் தொடங்கவேணும், கர்ப்பத்தடை மாத்திரைக்கும் நேரம் முக்கியம். ஆனால் நேரம் கடந்து போனாலும் உதவி கேட்கலாம். அரச வைத்தியசாலைகளில் இதுக்கெனவே 'நட்பு நிலையம்' என்ற பிரிவுகள் இயங்குகின்றன. பெண்களுக்கான அரச உதவி இலக்கம் 1938.

பெடியன்களுக்கு ஒன்று. உங்கட வட்ஸ்அப் குரூப்பில் ஒருத்தியின் படம் வந்து விழும்போது, "டேய், இதை அழி" என்று எழுதிற முதல் ஆளாக இருங்கோ. அதுக்குத் துணிவு வேணும் என்று எங்களுக்குத் தெரியும். உங்களோட தேத்தண்ணி குடிக்கிறவன்தான் அதை அனுப்பியிருப்பான். நீங்கள் சொன்னால்தான் அவன் கேட்பான், நாங்கள் கூட்டம் போட்டுச் சொன்னால் கேட்கமாட்டான்.

அந்தச் சிநேகிதி இதை வாசிப்பாவோ தெரியாது. வாசித்தால், அண்டைக்குக் கேட்டிருக்க வேண்டிய கேள்வியை இப்ப கேட்கிறோம்: "உனக்கு நோகுதா? நாங்கள் என்ன செய்யவேணும்?"