காதுக்கு எட்டாத சப்தம்

முகையூர்ப் பக்கம் திருவிழாக் காலம் வந்துவிட்டால் மைக் செட் வாடகைக்கு விடுகிறவர்களுக்கு ஓய்வு ஏது? இப்போது அவர்களுக்குப் புதுக் கவலை ஒன்று சேர்ந்திருக்கிறது. பெட்டிகளை அடுக்கி முடித்ததும் யாராவது ஒரு வாலிபன் கைப்பேசியை இணைத்து, "பேஸ் எவ்வளவு இறங்குகிறது, பார்ப்போம்" என்று சோதனை ஒலியைப் போட்டுவிடுகிறான். காதில் விழுவது ஒன்றுமில்லை. கெடுவதோ கடன்பட்டு வாங்கிய ஸ்பீக்கர்! கேட்காத சப்தம் யந்திரத்தைக் கெடுக்குமா என்பது நியாயமான சந்தேகம்தான்.

கெடுக்கும், ஆனால் குற்றம் ஒலியின் தாழ்விலே இல்லை, நாம் வைக்கும் அளவிலே இருக்கிறது. 1925-ம் வருஷத்தில் அமெரிக்காவில் ரைஸ், கெல்லாக் என்ற இருவர் விவரித்த அமைப்பே இன்றும் நம் ஸ்பீக்கர்களில் இருப்பது. காந்தத்தின் நடுவே ஒரு கம்பிச் சுருள். அதோடு ஒட்டிய கோன். (அரசனைச் சொல்லவில்லை, காகிதக் கூம்பைச் சொல்கிறேன்.) அது முன்னும் பின்னும் அசைந்து காற்றைத் தள்ளுகிறது. அதே உரப்பு வேண்டுமானால், அதிர்வெண் பாதியாகும்போதெல்லாம் அசைவு நான்கு மடங்காக வேண்டும். விநாடிக்கு 80 அதிர்வில் 1 மில்லிமீட்டர் அசையும் கோன், 20 அதிர்வில் 16 மில்லிமீட்டர் அசைய வேண்டும். அதற்கு எந்த ஸ்பீக்கர் இடங்கொடுக்கும்? விளிம்பு கிழியும், சுருள் பின்தகட்டில் மோதி நசுங்கும்.

நமது செவியோ 20 அதிர்வுக்கு அருகில் ஏறக்குறையச் செவிடு. கேட்கவில்லையே என்று குமிழை மேலும் திருகுகிறோம். பெட்டியில் துவாரம் இருந்தால் இன்னும் மோசம்: அது அமைக்கப்பட்ட எல்லைக்குக் கீழே உள்ளிருக்கும் காற்று கோனைப் பிடித்து நிறுத்தாது.

உஷ்ணமும் உண்டு. தவிலில் அடிக்கும் அடிக்கும் நடுவே சற்று இடைவெளி இருக்கிறது. சோதனை ஒலிக்கு அது கிடையாது. நெடுநேரம் உரக்க ஓடினால் சுருள் கருகும். வாடை வந்தபின் நிறுத்திப் பயனில்லை.

அதற்காகச் சோதனையே கூடாதென்பது வீண் பயம். குமிழை அடியில் வைத்து, 100 அதிர்விலிருந்து மெள்ள இறங்கலாம். சில விநாடிகள் போதும். காதை நம்பாமல் கண்ணைக் கோன்மேல் வையுங்கள். தட்டும் சப்தம் எழுந்தால் உடனே நிறுத்திவிடுங்கள்.

கூம்புக் குழாய் ஒலிபெருக்கிக்கு மட்டும் இது வேண்டவே வேண்டாம். அதனுள்ளே இருப்பது பேச்சுக்கென்று செய்த மெல்லிய சவ்வு. தாழ்ந்த அதிர்வில் குழாய்க் காற்று அதற்கு எதிர்ப்பே தராது; சவ்வு கட்டுமீறி ஆடிக் கிழிந்துபோகும்.