ஹோம்ஸ்டே: சமைப்பது மக்சிக், முடிவெடுப்பது யார்?

மலேசியா வருகை ஆண்டு 2026. இந்த முறை கம்போங் பக்கம் போய்த் தங்கலாமே என்று நீங்களும் யோசித்திருப்பீர்கள். அங்கே கிடைக்கும் சுடச்சுட நாசி லெமாக், துவைத்து மடித்த போர்வை எல்லாம் பெரும்பாலும் அந்த வீட்டுப் பெண்ணின் உழைப்புதான். அதில் அவருக்கு என்ன கிடைக்கிறது?

எது ஹோம்ஸ்டே?

வாடகைக்கு விடும் முழு வீட்டையும் நாம் ஹோம்ஸ்டே என்றுதான் சொல்கிறோம். ஆனால் சுற்றுலா அமைச்சில் பதிந்த ஹோம்ஸ்டே வேறு. அதில் கிராமத்துக் குடும்பத்தோடு அதே வீட்டில் தங்குவீர்கள். இத்திட்டம் 1995-இல் பஹாங், தெமர்லோவில் உள்ள டேசா முர்னியில் தொடங்கியது.

பெண்களுக்கு என்ன லாபம்?

வீட்டை விட்டுப் போகாமலேயே வருமானம். இது சின்ன விஷயமில்லை. மலேசியாவில் வேலைச் சந்தையில் இருக்கும் பெண்கள் சுமார் 56 விழுக்காடுதான். ஆண்களோ 80 விழுக்காட்டுக்கும் மேல். வேலைக்குப் போகாத பெண்கள் சொல்லும் முக்கியக் காரணம், வீட்டு வேலையும் குடும்பப் பொறுப்பும். அதே வீட்டு வேலைக்கு ஹோம்ஸ்டே ஒரு விலை வைக்கிறது.

அப்புறம் என்ன சிக்கல்?

வேலை கூடுகிறது, அதைப் பகிர்ந்துகொள்ள ஆள் கூடுவதில்லை. 3 பேருக்குச் சமைத்தவர் 7 பேருக்குச் சமைக்கிறார். விருந்தினரை எந்த வீட்டுக்கு அனுப்புவது, கட்டணம் எவ்வளவு என்பதையெல்லாம் கிராமக் குழு முடிவு செய்கிறது. அந்தக் குழுவில் ஆண்களே இருந்தால், பெண்ணுக்குக் காசு வரலாம், பேச்சுரிமை வராது. வருமானமும் நிலையில்லை. 2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்ததும் விருந்தினர் வரத்து அப்படியே நின்றது.

விபத்து நடந்தால்?

2022 டிசம்பரில் சொக்சோவின் இல்லத்தரசிகள் பாதுகாப்புத் திட்டம் நடப்புக்கு வந்தது. ஆண்டுச் சந்தா 120 ரிங்கிட். வீட்டு வேலையின்போது ஏற்படும் விபத்துக்கு இழப்பீடு உண்டு. சரி, விருந்தினருக்குச் சமைப்பது வீட்டு வேலையா, தொழிலா? சுயதொழில் செய்வோருக்குத் தனித் திட்டமும் இருக்கிறது. ஆனால் தொழில் கணவர் பெயரில் இருந்தால், அடுப்படியில் நிற்கும் மனைவி தானும் தொழில் செய்பவர் என்று காட்டுவது சிரமம்.

எதைக் கவனிக்க வேண்டும்?

எத்தனை பெண்கள் ஹோம்ஸ்டேயில் இருக்கிறார்கள் என்ற எண்ணிக்கை மட்டும் போதாது. பதிவு யார் பெயரில், பணம் யார் கணக்கில், குழுவில் யார் இருக்கிறார்கள்? இந்த மூன்றுக்கும் பதில் கிடைத்தால்தான் பெண்களின் நிலை மாறியதா, வேலை மட்டும் கூடியதா என்று சொல்ல முடியும்.