தீப்பெட்டிக்குள் மூன்று பிளக்குகள்

கவுனி என்றால் கோட்டை வாயில். யானைக்கவுனியில் இன்று மதிலும் இல்லை, வாயிலும் இல்லை. மதில் வரியின் பெயரைத் தாங்கிக்கொண்டு வால்டாக்ஸ் ரோடு மட்டும் பக்கத்தில் கிடக்கிறது. சென்ற ஞாயிற்றுக்கிழமை அங்கே ஒரு வீட்டு மொட்டை மாடியில் நாம் கண்டது யானை அல்ல. ஒரு முழ நீளமுள்ள மோட்டார் வண்டி. தூரத்தில் நின்று வானொலி அலையால் ஓட்டும் விளையாட்டு வண்டி அது. நம்மிடம் பௌதிகம் படித்த மாணாக்கன் ஒருவனுக்குச் சொந்தம். வண்டி கிளம்ப மறுத்தது.

"மூன்று பிளக் மாற்றிவிட்டேன் ஸார். எல்லாம் மட்டச் சரக்கு" என்றான். கழற்றிய மூன்றையும் ஒரு தீப்பெட்டியில் போட்டு நம் கையில் கொடுத்தான்.

நேயர்களின் ஸ்கூட்டரில் உள்ள பிளக் வேறு, இது வேறு. அது ஒவ்வொரு சுற்றுக்கும் மின்பொறியைத் தெறிக்கச் செய்வது. இதில் பொறியே கிடையாது. விரல் நுனியளவுள்ள பிளக்கின் அடியில் பிளாட்டினம் கலந்த மெல்லிய கம்பிச் சுருள் ஒன்று இருக்கிறது. கிளப்பும்போது ஒன்றரை வோல்ட் மின்கலத்தை வைத்து அதைப் பழுக்கக் காய்ச்ச வேண்டும். யந்திரம் ஓடத் தொடங்கியபின் மின்கலத்தை எடுத்துவிட்டாலும் சுருள் தானே கனன்றுகொண்டிருக்கும். நிமிஷத்திற்கு 30,000 சுற்றுக்கு மேல் சுழலும் யந்திரத்திலும் அணைவதில்லை. இதில் மாயம் ஒன்றுமில்லை. மெதனால் ஆவியும் காற்றும் கலந்து சூடான பிளாட்டினத்தின்மேல் படும்போது அங்கேயே உஷ்ணம் பிறக்கிறது; பிளாட்டினமோ அதில் செலவாவதில்லை. எரிவாயு கலந்த காற்றில் சூடான பிளாட்டினக் கம்பி சுடரின்றியே கனன்றுகொண்டிருப்பதை ஹம்ப்ரி டேவி 1817-லேயே கண்டார். அதைச் சின்ன யந்திரத்தின் தலையில் ஏற்றி விற்பனைக்குக் கொண்டுவந்தவர் அமெரிக்காவின் ரே ஆர்டன், ஆண்டு 1947. அதற்குமுன் பொம்மை ஆகாய விமானங்கள் பொறிச் சுருளையும் மின்கலத்தையும் சேர்த்துச் சுமந்துகொண்டு பறக்க வேண்டியிருந்தது.

இனித் தீப்பெட்டியைத் திறப்போம். முதல் பிளக்கைப் பையனுடைய மின்கலத்தில் பொருத்தினோம். அணையப் போகும் கரிபோல மங்கலாகச் சிவந்தது. நாம் கொண்டுபோயிருந்த புது மின்கலத்தில் பொருத்தியதும் பளிச்சென்று செம்மஞ்சளாக ஒளிர்ந்தது! குற்றம் மின்கலத்தினுடையது, தண்டனை பிளக்குக்கு.

இரண்டாவதில் சுருளையே காணோம். முளை மட்டும் மிஞ்சியிருந்தது. கார்புரேட்டர் ஊசியை அளவுக்குமேல் மூடி, எண்ணெய்த் திரவத்தைக் குறைத்து, வேகத்திற்கு ஆசைப்பட்டதன் பலன் இது. திரவத்தோடு கலந்து வரும் எண்ணெய்தான் யந்திரத்திற்கு உயவு. திரவம் குறைந்தால் உயவும் குறையும், சூடு ஏறும், சுருள் உருகும். அதைக் கவனியாமல் புதுப் பிளக்கைப் போட்டால் அதற்கும் அதே கதிதான். பரீட்சை சுலபம். தோசைக் கல்லில் நீர் தெளித்துப் பார்க்கும் தாய்மார்களுக்குச் சொல்லவே வேண்டாம். ஓடி நின்ற யந்திரத்தின் தலையில் ஒரு சொட்டு நீர் விட்டால் மூன்று நான்கு விநாடி கொதித்து வற்ற வேண்டும். விழுந்த மாத்திரத்தில் துள்ளி மறைந்தால் ஊசியைச் சிறிது திறந்துவிட வேண்டும்.

மூன்றாவது நம்மை ஏமாற்றப் பார்த்தது. சுருள் முழுசாக இருந்தது. மின்கலத்தில் நன்றாகவே ஒளிர்ந்தது. ஆனால் கம்பி பளபளப்பை இழந்து சாம்பல் பூத்திருந்தது. "இது கிளம்பியதா?" என்று கேட்டோம். "கிளம்பும் ஸார். மின்கலத்தை எடுத்ததும் நின்றுவிடும்" என்றான். திரவம் அதிகமானாலும் இப்படி நிற்பதுண்டு. ஆனால் கம்பி இருந்த நிலையைப் பார்த்தபின் நமக்குச் சந்தேகம் எழவில்லை. மேற்பரப்பு கெட்டுப்போன பிளாட்டினம் கம்பியாக இருக்கும். பிளாட்டினத்தின் வேலையைச் செய்யாது. இந்த ஒன்றுதான் நியாயமாகக் குப்பைக்குப் போக வேண்டியது.

"எண்ணெய் எங்கே?" என்றோம். ஊற்றச் சௌகரியமாக இருக்கட்டும் என்று தகர டப்பாவிலிருந்து பாதியைக் கலர் சோடாப் புட்டி ஒன்றில் மாற்றி, தக்கையை அரைகுறையாகச் செருகி வைத்திருந்தான். மெதனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும் சுபாவமுடையது. துறைமுகத்துக் கடற்காற்று வீசும் இடத்தில், மழைக்காலம் முழுவதும் அது வாய் திறந்து கிடந்தது என்றால் கேட்பானேன்! தண்ணீர் கலந்த திரவத்தில் யந்திரம் திணறும். நல்ல பிளக்கின் பெயர்தான் கெடும்.

ஆனால் நமக்குத் தூக்கிவாரிப் போட்டது வேறு காரணத்தால். புட்டியில் இருந்த திரவம் ரோஜா சர்பத்தின் நிறம். அடையாளத்திற்காகத் தயாரிப்பவர்கள் போடும் சாயம். புட்டி இருந்த இடமோ மாடிப்படி ஓரம். பையனுக்கு ஆறு வயதில் ஒரு தங்கை இருக்கிறாள். 2023 மே மாதம் விழுப்புரம், செங்கற்பட்டு மாவட்டங்களிலும், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியிலும் உயிர்களைக் கொள்ளை கொண்டது இதே மெதனால்தான். கள்ளக்குறிச்சியில் மட்டும் மாண்டவர் 60 பேருக்கு மேல். உடலுக்குள் போனதும் இது பார்மிக் அமிலமாக மாறி முதலில் கண் நரம்பைத் தாக்குகிறது. தோல் வழியாகவும் உள்ளே செல்லும். தீப்பற்றினாலோ பகல் வெளிச்சத்தில் சுடர் கண்ணுக்குப் புலப்படாது.

நாம் சொல்லி முடிக்கும்முன் அவனுடைய பாட்டி புட்டியை எடுத்துக்கொண்டாள். அதன்மேல் 'விஷம்' என்று கொட்டை எழுத்தில் எழுதச் செய்து, தன் அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

டப்பாவில் மூடியபடி இருந்த திரவத்தை ஊற்றினோம். ஊசியைச் சிறிது திறந்து, குற்றமற்ற முதல் பிளக்கையே திரும்ப மாட்டினோம். நான்காவது இழுப்பில் யந்திரம் அலறிக்கொண்டு கிளம்பியது. கீழ் வீட்டுக்காரர் படியேறி மேலே வந்தார்.